அக்கரையில் ஒருவனுக்காக

ஆசான் மாதவேள் சாகும்போது ஒழுங்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்திருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காது. ஆனால் விண்வெளிப் படங்களில் வரும் ஆசான்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அண்டம் முழுவதற்கும் வழிகாட்டுகிறவர்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு நேராக ஒரு வழி சொல்லமாட்டார்கள்.

'விண்ணோடிகள்' ஐந்தாம் பாகத்தின் கடைசிக் காட்சியைப் பார்க்காதவர்கள் யாராவது மிச்சமிருந்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடலாம். உடைந்த கலத்திலிருந்து தப்பிக்க நாயகன் கதிரன் ஒரு சின்ன ஓடத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய தம்பி மாறன் இரண்டு காலும் நசுங்கிக் கீழே கிடக்கிறான். தம்பியையும் ஏற்றிக்கொண்டால் ஓடம் இருள்கடலைத் தாண்டுமா என்பது சந்தேகம். குற்றுயிராகச் சாய்ந்திருக்கும் ஆசான் தம்பியை ஒரு பார்வை பார்க்கிறார், அண்ணனை ஒரு பார்வை பார்க்கிறார். "அக்கரையில் நான் ஒருவனுக்காகத்தான் காத்திருப்பேன்" என்கிறார். கண்ணை மூடிவிடுகிறார். திரை இருண்டு, பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன.

யார் அந்த ஒருவன்? தம்பியை விட்டுவிட்டுத் தனியாக வா என்று சொன்னாரா? தம்பியைச் சுமந்து வருகிறவன் எவனோ அவனுக்காகத்தான் காத்திருப்பேன் என்று சொன்னாரா? அடுத்த பாகம் வரும்வரை தமிழ் பேசும் உலகத்துக்கு வேறு வேலை இருக்கவில்லை. கல்லூரி கேன்டீன்களில் கைகலப்பு நடந்தது. ஆத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளையும் மாமனாரும் இந்த விஷயத்தில் எதிரெதிர்க் கட்சி என்று தெரிந்ததும் பாதியில் நின்றுபோனது. மருத்துவர்கள்கூடத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, ஆசான் தம்பியைப் பார்த்த பார்வையில் இருந்தது இரக்கமா கணக்கா என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, பதில் யாருக்குமே தெரியாது என்பதுதான். படத்துக்கு எழுத்தாளர் என்று ஒருவர் இல்லை. கதையை ஒரு செயற்கை அறிவுப் பொறி எழுதியது. ரசிகர்கள் சண்டை போடுவதைக் கேட்டுக் கேட்டு அது அடுத்த பாகத்தை எழுதும். அதே பொறிதான் ஆசானின் குரலில் எல்லார் கைபேசியிலும் உட்கார்ந்து புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. படத்தில் ஆசான் செத்தாலும் கைபேசியில் சாகவில்லை. வேலையை விடலாமா, வீட்டை விற்கலாமா, இவனைக் கட்டிக்கொள்ளலாமா என்று ஜனங்கள் அவரிடம் கேட்டார்கள். அவரும் அலுக்காமல் சொன்னார். கைபேசியில் மட்டும் அவர் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார்.

சண்டையை இன்னும் ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்று படநிறுவனத்துக்கு ஆசை வந்தது. தமிழர்கள் சண்டையை ஒழுங்காகப் போடுவதற்கென்றே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்களே என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். ஊர் ஊராகப் பட்டிமன்றம் வைத்தார்கள். சேலத்துப் பட்டிமன்றத்துக்கு சுடர்மதியைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா?

சுடர்மதி தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியல் பேராசிரியை. ஆனால் அவளை அந்த வேலைக்காக யாரும் அறியமாட்டார்கள். பட்டிமன்ற மேடையில் சிரிக்க வைத்துக்கொண்டே வந்து, திடீரென்று ஒரு வாக்கியத்தில் மண்டபத்தையே மூக்குறிஞ்ச வைத்துவிடுவாள். எந்த அணி என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கூட்டுக்குடும்பத்துக்காக ஓமலூரில் அழுவாள், தனிக்குடித்தனத்துக்காக ராசிபுரத்தில் அழுவாள். "சீட்டுல என்ன வருதோ அதைப் பேசறதுதானே நம்ம தொழில்" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்குச் சீட்டில் வந்தது 'தம்பியை விட்டுவிட்டுப் போ' என்கிற அணி. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தாய்மார்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் நொண்டித் தம்பியை விட்டுவிட்டு ஓடு என்று பேசி எவள் கைதட்டு வாங்க முடியும்? அதோடு இன்னொன்றும் இருந்தது. அவளுடைய சொந்தத் தம்பி அருள்நம்பி, தருமபுரியில், லாரி மோதித் தலையிலும் முதுகுத்தண்டிலும் அடிபட்டு, ஒரு கை விளங்காமல், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருந்தான். அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சீட்டை மாத்திக்கலாமா ஐயா?" என்று நடுவரிடம் கேட்டாள்.

நடுவர் நாவரசு திருவேங்கடம், கழுத்தில் மைக் பட்டையைக் கட்டிக்கொண்டே சிரித்தார். "என்னம்மா புதுசா? எந்தப் பக்கம் குடுத்தாலும் அடிச்சு நொறுக்கற ஆளாச்சே நீ! போய் உக்காரு."

அவளுக்கும் ஒரு பட்டையைக் கொண்டுவந்து கட்டினார்கள். மெத்தென்று, தொண்டைக்குழியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. மைக்கில் இப்போது இந்த மாதிரி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் கொஞ்சம் சிரிக்க வைத்தாள். ஓடத்தில் ஏற்றும் எடையைப் பற்றித் தன் உடம்பையே உதாரணம் காட்டினாள். பிறகு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாமல் வேறொரு பேச்சு வந்தது.

"நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்கள் பாசம் பாசம்னு பேசினாங்க. நானும் கேட்டேன். ஒண்ணு கவனிச்சீங்களா? சுமக்கறவங்க யாரும் பாசத்தைப் பத்திப் பேசறதில்ல. சுமக்கச் சொல்றவங்கதான் பேசறாங்க! ஒரு பை ஆப்பிள் வாங்கிட்டு வந்து, கட்டில் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நின்னு, 'நல்லாப் பாத்துக்கம்மா'ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடறவங்க பேசற பேச்சு அது. அந்தக் கட்டில்ல கிடக்கிறவனைத் திருப்பிப் போடறாளே, துணி மாத்தறாளே, அவகிட்டக் கேளுங்க. அவ வாயில பாசம்ங்கற வார்த்தை வராது. 'முடியலை'ங்கற வார்த்தைதான் வரும். அந்த முடியலைங்கறதைக் காது குடுத்துக் கேட்ட ஒரே ஆள் நம்ம ஆசான்! ஒரு உசுரு போச்சு. அதோட இன்னொரு உசுரையும் கட்டிவச்சு முழுக்கணுமான்னு கேக்கறார். முழுகறவனோட சேந்து முழுகறதுக்குப் பேரு தியாகம் இல்ல. வெளியில நின்னு பாக்கறவங்களுக்கு அது ஒரு நிம்மதி. அவ்வளவுதான்."

மண்டபத்தில் சத்தமே இல்லை. கைதட்டு வரவில்லை. மணி அடிக்க வேண்டிய நடுவர் மணியை மறந்துவிட்டார். முன்வரிசையில் ஒரு அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டாள். சுடர்மதி சட்டென்று முடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தாள். தீர்ப்பும் அப்படியே வந்தது. சுமந்து வருகிறவனுக்காகவே ஆசான் காத்திருக்கிறார் என்று நடுவர் சொன்னதும் மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

ஆறாம் பாகம் வந்தது. கதிரன் தம்பியின் கையை விரல் விரலாகப் பிரித்துவிட்டு ஓடத்தில் ஏறித் தனியாகப் போய்விட்டான். ஜனங்கள் திட்டிக்கொண்டே மூன்று தடவை பார்த்தார்கள். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. சுடர்மதியும் பார்த்தாள். நாம் தோற்ற கட்சிதான் ஜெயித்திருக்கிறது என்று கல்லூரியில் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தருமபுரியிலிருந்து போன் வந்தது. நம்பியின் மனைவி தர்ஷினி பேசினாள். குரலில் அழுகை இல்லை.

"அண்ணி, நேர்ல வாங்க. ஒரு முடிவு எடுத்திருக்கேன். போன்ல சொல்ல வேண்டாம்னு பாக்கறேன்."

சுடர்மதி பஸ் ஏறினாள். நிலையத்தில் இறங்கியதும் வழக்கம்போல ஒரு பை ஆப்பிள் வாங்கினாள்.

தர்ஷினி பாதியாக இளைத்திருந்தாள். நம்பி உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. போகப்போகிறாள். நம்பியைப் பென்னாகரம் சாலையில் உள்ள காப்பகத்தில் சேர்க்கப்போகிறாள். விவாகரத்து, வழக்கு என்றெல்லாம் இப்போதைக்கு எதுவும் இல்லை. ஆனால் திரும்பி வருவதாக இல்லை.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் சுடர்மதி. "இப்பத்தான் அவன் நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்கான். ஆளை அடையாளம் தெரியுது. இப்பப் போய் அவனைக் கொண்டுபோய் அனாதை மாதிரி..."

"பேசறார் அண்ணி. 'தண்ணி'ன்னு பேசறார். 'திருப்பு'ன்னு பேசறார். நான் ஒண்ணும் குத்தம் சொல்லல."

"யாரு உனக்கு இந்தப் புத்தி சொன்னது? உங்கம்மாவா?"

"அம்மா, தலையெழுத்துன்னு பொறுத்துக்கன்னாங்க. நான் ஆசான்கிட்டக் கேட்டேன்." தர்ஷினி வெட்கப்படவில்லை. "எத்தனையோ நாள் கேட்டிருக்கேன். முன்னெல்லாம் பொறுமையா இருன்னுதான் சொல்வார். புதுப் படம் வந்த பிறகு மாத்திச் சொல்றார். கேளுங்களேன், அப்படியே வச்சிருக்கேன்."

கைபேசியிலிருந்து மாதவேளின் கனத்த, அன்பான குரல் வந்தது. "மகளே, சுமக்கிறவர்கள் பாசத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சுமக்கச் சொல்கிறவர்கள்தான் பேசுகிறார்கள். கட்டில் அருகே ஐந்து நிமிடம் நின்று, நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு உன் தியாகம் ஒரு நிம்மதி. அவ்வளவுதான்."

சுடர்மதி ஆப்பிள் பையை மேடைமேல் வைத்தாள். அது தன் பேச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அன்றைக்கு அப்படிப் பேசிவிட்டு இன்றைக்கு இப்படி வந்து நிற்கிறாயே என்று இவள் கேட்கமாட்டாளா?

"எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்தது அண்ணி" என்றாள் தர்ஷினி. "இந்த வீட்டுக்குள்ள வந்து பாத்தவர் மாதிரி. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

"சினிமாவுக்கு எழுதின வசனத்தை நம்பி ஒருத்தி புருஷனை விட்டுட்டுப் போவாளா?"

தர்ஷினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ஒண்ணு செய்வோம். நீங்க கூட்டிட்டுப் போங்க. உங்க தம்பிதானே? நான் மாசாமாசம் வந்து பாக்கறேன்."

சுடர்மதி அவசரமாகக் காரணம் தேடினாள். மாடி வீடு, படி ஏற்ற முடியாது என்றாள். மகள் பிளஸ் டூ என்றாள். அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று கணவரையும் இழுத்தாள். எல்லாம் உண்மைதான். தர்ஷினி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் அடுப்பில் பால் வைக்கப் போய்விட்டாள்.

கிளம்பும்போது, "கொஞ்ச நாள் பொறு. ஆசானே மாத்திச் சொன்னா இருப்பியா?" என்று கேட்டாள் சுடர்மதி.

"மாத்திச் சொல்லட்டும், பாப்போம். அடுத்த மாசம் வரைக்கும் இருக்கேன்."

படநிறுவனத்தின் கிளை கோவையில் இருந்தது. அங்கே பொறியைக் கவனித்துக்கொள்கிறவர்களில் ஒருவன் இம்தியாஸ். சின்ன வயது, பணிவான பையன். அவள் பெயரைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டான்.

"நீங்களா மேடம்! எங்க ஆபீஸ்ல உங்க பேச்சைக் கேக்காத ஆளே கிடையாது."

"அந்தப் பேச்சை எடுத்துடணும் தம்பி. அது என் கருத்தே இல்ல. சீட்டுல வந்தது, பேசினேன். பட்டிமன்றம்னா அப்படித்தான். உங்க மெஷினுக்கு அது தெரியாதா? எவளோ மேடையில கத்தினதைக் கேட்டு, வீட்டுக்கு வீடு போய் நோயாளியை விட்டுட்டு ஓடுன்னு சொல்லிட்டிருக்கே!"

"எல்லாருக்கும் அப்படிச் சொல்லாது மேடம். அந்த நிலைமையில இருக்கறவங்க கேட்டா மட்டும்தான்."

"அந்த நிலைமையில இருக்கறவ என் தம்பி பொண்டாட்டி!"

இம்தியாஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். பிறகு மெதுவாக விளக்கினான். ஒருமுறை உள்ளே போனதைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. சாம்பாரில் கரைந்த உப்பு மாதிரி என்றான். ஆனால் ஆசான் மாறக்கூடியவர்தான். ஏழாம் பாகத்துக்காக மறுபடி பட்டிமன்றம் வைக்கிறார்கள். கதிரன் தம்பிக்காகத் திரும்பி வருவானா என்பது இன்னும் முடிவாகாததால் அதே தலைப்பு. அதில் யாராவது எதிர்ப்பக்கத்தை அதே கனத்தோடு பேசினால் பொறி அந்தப் பக்கம் சாயும். சில நாளில் கைபேசி ஆசானும் மாறிவிடுவார்.

"அப்ப அந்தப் பக்கத்தை எனக்குக் குடுங்க. சீட்டெல்லாம் வேண்டாம்."

"தாராளமா மேடம். ஆனா..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நீங்க மனசுவிட்டுப் பேசுங்க. அது போதும்."

பேசுவதைப் பற்றி அவளுக்குப் பையன் சொல்லித்தரவேண்டுமா? கைதட்டால் மண்டபத்தைப் பெயர்த்துவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினாள். அந்த மாதம் முழுவதும் அதே நினைப்பாகத் திரிந்தாள். வகுப்பில் பாடம் நடத்தும்போது வாக்கியங்கள் ஓடின. மகள் ஏதோ கேட்டால் வேறு ஏதோ சொன்னாள். ஒரு பேச்சுக்காக அவள் இவ்வளவு பாடுபட்டதில்லை. ஒரு பெண்ணை ஒரு வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டும், அதன்மூலம் தம்பிக்கு ஒரு வீடு நிலைக்க வேண்டும். மேடையில் பேசி ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

மண்டபம் பிதுங்கி வழிந்தது. போன தடவை விட்டுவிட்டுப் போ என்றவள் இந்தத் தடவை சுமந்து வா என்று பேசுகிறாள் என்று தெரிந்து வெளியூர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அதே பட்டையைக் கழுத்தில் கட்டினார்கள். நேரலைக்குக் கேமராக்கள் நின்றன.

சுடர்மதி அன்றைக்குப் பேசியதைப் போல யாரும் பேசிக் கேட்டதில்லை என்று நடுவரே பிறகு சொன்னார். நம்பியின் பெயரைச் சொல்லியே பேசினாள்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான் நடுவர் அவர்களே. கட்டிலோட கிடக்கான். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல இருந்து வரும்போது செருப்பு கடிக்குதுன்னு அழுவான். தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வருவேன். நானே ஒரு பொடிசு. எல்லாரும் கேலி பண்ணுவாங்க. கனக்கலையாடின்னு கேப்பாங்க. தம்பி கனப்பானா? அன்னைக்குக் கனக்காதவன் இன்னைக்குக் கனப்பானா? நான் போன தடவை இதே மேடையில தப்பாப் பேசினேன். அக்கரையில அந்த ஆசான் நிக்கறாரோ இல்லையோ, என் தம்பி இல்லாம அந்தக் கரை எனக்கெதுக்கு? டேய் நம்பி! கேக்குதாடா? அக்கா வரேன்டா! உன்னை விடமாட்டேன்டா!"

அவள் அழுதாள். மண்டபமே அழுதது. பின்வரிசையில் இருந்த இளவட்டங்கள் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தார்கள். நடுவர் எழுந்து வந்து அவள் தலையில் கைவைத்தார். தீர்ப்பு சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சுடர்மதிக்குத் தெரிந்தது. அவ்வளவு லேசாக அவள் மனசு இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

சில நாள் பொறுத்துத் தர்ஷினிக்குப் போன் போட்டாள். "ஆசான்கிட்டக் கேட்டியா?"

"இன்னைக்குக் காலையிலகூடக் கேட்டேன் அண்ணி. முன்னாடி சொன்னதையேதான் சொல்றார். ஒரு எழுத்து மாறல." தர்ஷினி தயங்கினாள். "நாளைக்கு வண்டி வரச் சொல்லிட்டேன். காலையில வந்துடுங்க. இவர் உங்களையே கேட்டுட்டிருக்கார்."

மறுநாள் பஸ்ஸில் போகும்போது இம்தியாஸைக் கூப்பிட்டாள். நான்கு தடவை அடித்த பிறகுதான் எடுத்தான்.

"என்ன தம்பி உங்க மெஷின்? உலகமே அழுதது. தீர்ப்பும் நம்ம பக்கம். இன்னும் அந்த ஆளு பழைய பாட்டையே பாடிட்டிருக்கார்! டெக்னிக்கல் கோளாறா?"

"கோளாறு இல்ல மேடம்."

"அப்புறம் என்ன? கைதட்டு பத்தலையா?"

"நாங்க கைதட்டை எடுக்கறதே இல்ல. ஆரம்பத்துல எடுத்தோம். அதை நம்பி எடுத்த ரெண்டு படமும் ஊத்திக்கிச்சு. ஜனங்க எதுக்குக் கைதட்டறாங்களோ அதைக் காசு குடுத்துப் பாக்கறதில்ல." அவன் குரல் தாழ்ந்துகொண்டே போனது. "அதனால பேசறவங்களை எடுக்கறோம். கழுத்துல கட்டினோமே, அது வெறும் மைக் இல்ல மேடம். ஒப்பந்தத்துல எழுதியிருக்கோம், யாரும் படிக்கறதில்ல. மூச்சு, நாடித் துடிப்பு, தொண்டை நரம்பு எல்லாம் அதுல வரும். ஒருத்தர் நம்பிப் பேசறாரா, பேச்சுக்குப் பேசறாரான்னு அதுக்குத் தெரியும். பேச்சுக்குப் பேசினதைக் கழிச்சிடும். பட்டிமன்றத்துல முக்காவாசி அப்படிக் கழிஞ்சிடும். அது எங்களுக்குத் தெரிஞ்சதுதான். மிச்சம் நிக்கறது கொஞ்சம்தான், ஆனா அதுதான் சுத்தமா இருக்கும்."

சுடர்மதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம் பேசினதை..."

"கழிச்சிடுச்சு மேடம். முழுசா."

"நான் அழுதேன்டா!"

"அழுதீங்க. எனக்கும் அழுகை வந்தது. ஆனா உங்க முதல் பேச்சு இருக்கே... எங்ககிட்ட வந்ததுலயே அதுதான் ரொம்பச் சுத்தம். ஒரு இடத்துலகூட நடிப்பு இல்ல. அன்னைக்கு ஆபீஸ்ல அதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லத் தைரியம் வரல. மன்னிச்சுக்குங்க."

அவள் போனை வைத்தாள். பஸ் தொப்பூர் ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. பக்கத்து இருக்கைக்காரி இவளை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதானே அந்தத் தம்பிக்காகப் பேசினவங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சுடர்மதி ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுக்கு ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது. நம்பி பிழைத்துவிட்டான், ஆனால் இனி எழுந்து நடக்கமாட்டான் என்று மருத்துவர் சொன்ன அன்று, எல்லோரும் பிழைத்தானே அதுவே போதும் என்று சாமியைக் கும்பிட்டபோது, போயிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்று அவளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. ஒரு விநாடிதான். அதற்குப் பிறகு அதை அவள் நினைத்ததே இல்லை. நினைத்ததே இல்லை என்றுதான் இத்தனை நாள் இருந்தாள். சீட்டில் வந்ததைப் பேசினேன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இனி வழியில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதைவிட, அந்தப் பொறிமேல் கோபமாக இருந்தது. மனிதர்கள் மூடி வைத்திருப்பதைத் திறந்து பார்க்க அதற்கு யார் உரிமை கொடுத்தது?

தருமபுரியில் இறங்கி நடந்தாள். இந்தத் தடவை எதுவும் வாங்கவில்லை.

வீட்டு வாசலில் காப்பகத்தின் வெள்ளை வண்டி நின்றிருந்தது. பெயர்கூட எழுதாத சாதாரண வண்டி. ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

தர்ஷினி வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "உள்ள வராதீங்க அண்ணி, ஒரு நிமிஷம்" என்று தணிந்த குரலில் சொன்னாள். "அன்னைக்கு உங்க பேச்சை நேரலையில இவருக்குப் போட்டுக் காட்டினேன். தப்புப் பண்ணிட்டேன். அதுல இருந்து ஒரே பாட்டு. காப்பகம்னு நான் எத்தனை தடவை சொல்லியும் காதுல வாங்கமாட்டேங்கறார். இன்னைக்குக் காலையில ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். கல்யாணச் சட்டை வேணும்னு கேட்டுப் போட்டுக்கிட்டார். நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியல."

சுடர்மதி உள்ளே போனாள்.

நம்பி சக்கர நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முகம் வழவழவென்று இருந்தது. சட்டை தோளில் தொளதொளத்தது. மடியில் ஒரு துணிப்பை. அதை நல்ல கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் ஒருபக்கமாகக் கோணிச் சிரித்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வந்தன.

"அக்கா... கேட்டுச்சு... வரேன்னு சொன்னே."

"ஆமாடா" என்றாள்.

"தர்ஷினி நம்பல... நான் சொன்னேன்... அக்கா வரும்னு."

பின்னால் தர்ஷினி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். சுடர்மதி குனிந்து அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவன் கழுத்தை எட்டி வாசல்பக்கம் பார்த்தான்.

"வண்டி... கொண்டாந்தியாக்கா?"

"வெளிய நிக்குதுடா" என்றாள் சுடர்மதி. நாற்காலியின் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினாள். அதைச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.